நடைக்கு இறங்கும் எண்கள், இறங்காத எண்கள்

கேள்வி இது: "அக்கா, எனக்கு 46 வயது. செந்தூலில் இருக்கிறேன். போக்குவரத்துக் கம்பெனி ஒன்றில் அலுவலக வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். அப்பா 52 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். போன மாதம் எடுத்த சோதனையில் எல்டிஎல் 4.1, டிரைகிளிசரைடு 2.6, எச்டிஎல் 0.9, வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.2, ரத்த அழுத்தம் 138/88. இடுப்பு 96 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. சிகரெட் இல்லை. சனிக்கிழமை மட்டும் பியர். டாக்டர் கொழுப்பு மாத்திரை தருகிறேன் என்றார், நான் மூன்று மாதம் டைம் கேட்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் பத்துமலைப் படி ஏறி, ரொட்டி சானாயையும் விட்டுவிட்டால் மாத்திரை இல்லாமல் தப்பிக்கலாமா? மைத்துனர் வேறு தேங்காய் எண்ணெய்க்கு மாறச் சொல்லி வற்புறுத்துகிறார்."

டைம் கேட்டது நல்லதுதான். ஆனால் மூன்று மாதம் கழித்து அறிக்கையைக் கையில் வாங்கும்போது நீங்கள் ஏமாந்து போகக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய எண்கள் எல்லாம் ஒரே குணம் கொண்டவை அல்ல. சர்க்கரை, டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், இடுப்பு ஆகிய நான்கும் நடைக்கும் சாப்பாட்டுக்கும் நன்றாகவே இறங்கும். நல்ல கொழுப்பு என்கிற எச்டிஎல் கொஞ்சம் அசையும். கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் மட்டும் பிடிவாதக்காரன். சாப்பாட்டை ஒழுங்காக மாற்றினால் பெரும்பாலானவர்களுக்கு அது பத்து, பதினைந்து சதவீதம் குறையும். நடையால் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. 4.1-லிருந்து பதினைந்து சதவீதம் போனால் 3.5. உங்களைப் போன்றவர்களுக்கு டாக்டர்கள் எதிர்பார்ப்பது 2.6-க்குக் கீழே, கொஞ்சம் தாராளமாக விட்டாலும் 3-க்குக் கீழே. கணக்கு உங்களுக்கே புரியும்.

அப்படியானால் நடந்து என்ன பயன் என்று கேட்காதீர்கள். நிறையப் பயன் இருக்கிறது, அதைத்தான் எழுதப் போகிறேன். பினாங்கிலும் பிறகு கோலாலம்பூரிலும் மருத்துவமனைகளில் உணவு ஆலோசகராக வேலை பார்த்தவள் நான். மாத்திரை எழுதுவது என் வேலை அல்ல, அந்த முடிவு உங்கள் டாக்டருடையது. ஆனால் மாத்திரைக்குப் பயந்து என் மேசைக்கு வந்தவர்கள் ஏராளம்.

இடையில் ஒன்று. தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து எண்களை ஒப்பிடாதீர்கள். அங்கே மில்லிகிராம் கணக்கு, நம் ஊரில் மில்லிமோல். "எல்டிஎல் 100-க்குள் இருக்க வேண்டும்" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு, "என்னுடையது வெறும் நாலுதான்" என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. உங்கள் 4.1 அங்கே ஏறக்குறைய 159. சர்க்கரை 6.2 என்பது அங்கே 112. டிரைகிளிசரைடு 2.6 என்றால் 230.

அப்பாவின் வயதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் கனமான எண் அதுதான். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்னால், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65-க்கு முன்னால் மாரடைப்பு வந்திருந்தால் அது பரம்பரை அபாயம் என்று மருத்துவத்தில் தனியாகக் கணக்கில் எடுக்கிறார்கள். நம் இனத்துக்கு இது பொதுவாகவே சீக்கிரம் வருகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாட்டவர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வந்திருந்தது. மற்றவர்களுக்கு அது ஐந்தாறு ஆண்டு தள்ளித்தான். காரணம் ரத்தத்தில் ஏதோ மர்மம் அல்ல. உயர் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை, புகை, காய்கறி போதாமை, உட்கார்ந்தே இருப்பது போன்ற அதே ஒன்பது காரணங்கள்தான் அங்கேயும், இங்கேயும். நமக்கு அவை இளமையிலேயே வந்து சேர்ந்துவிடுகின்றன. மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடும் கல்யாணப் பந்தியில் மூன்று பேர்.

சரி, இறங்கும் எண்களுக்கு வருவோம்.

உங்கள் சர்க்கரை, டிரைகிளிசரைடு, குறைந்த எச்டிஎல், இடுப்பு எல்லாம் தனித்தனி நோய் இல்லை. வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர்ந்த கொழுப்புதான் நான்குக்கும் வேர். அது கல்லீரலுக்குள் கொழுப்பைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கல்லீரல் அதை டிரைகிளிசரைடாக ரத்தத்தில் விடுகிறது, இன்சுலின் சொல்வதையும் கேட்க மறுக்கிறது. ஆசிய ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும் என்று வைத்திருப்பது இதனால்தான். வெளியே ஒல்லியாகத் தெரிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கும் உடம்பு நம்மவர்களுக்கு நிறைய. எடைத் தராசு அதைக் காட்டாது, அளவு நாடா காட்டிவிடும்.

உள்ளே இருக்கும் இந்தக் கொழுப்பு பிடிவாதமானது அல்ல. எடை ஐந்து, ஆறு கிலோ குறைந்தாலே முதலில் கரைவது இதுதான். அமெரிக்காவில் சர்க்கரை விளிம்பில் இருந்தவர்களை வைத்துச் செய்து 2002-இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வில், எடையில் ஏழு சதவீதம் குறைத்து வாரம் 150 நிமிடம் நடக்கச் சொன்ன குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்ட குழுவில் குறைந்தது 31 சதவீதம்தான். சர்க்கரை விஷயத்தில் கால்கள் மாத்திரையை ஜெயித்துவிட்டன. உங்கள் எடைக்கு ஏழு சதவீதம் என்றால் ஏறக்குறைய ஆறு கிலோ.

இப்போது சாப்பாடு. ரொட்டி சானாயை விடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், தேநீரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எனக்குச் சந்தேகமே அங்கேதான். நம் ஆட்கள் ரொட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரிக்கை வெளியே விட்டுவிடுவார்கள். மாமாக் கடையில் ஒரு கிளாஸ் தே தாரிக்கில் மூன்று, நான்கு தேக்கரண்டி சர்க்கரை சாதாரணம். அதில் ஊற்றுவதும் பல கடைகளில் இப்போது பால் அல்ல, பாமாயில் சேர்த்த இனிப்புக் கிரீமர். காலை ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலை ஒன்று என்றால் பன்னிரண்டு தேக்கரண்டி, கிட்டத்தட்ட 50 கிராம் சர்க்கரை. ஒரு நாளில் அதிகபட்சம் இவ்வளவுதான் என்று உலகச் சுகாதார நிறுவனம் போட்ட கோடே அதுதான், அதில் பாதியோடு நிறுத்தினால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறார்கள். 2019 ஜூலையில் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. டின்னிலும் பாட்டிலிலும் வருவதற்குத்தான் அந்த வரி. கடைக்காரர் உங்கள் முன்னால் ஆற்றித் தரும் தேநீருக்கு வரியும் கிடையாது, லேபிளும் கிடையாது.

உங்கள் டிரைகிளிசரைடை மூன்று மாதத்தில் இறக்க ஒரே ஒரு காரியம் மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்: "தே ஓ கோசோங்", அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், என்று சொல்லப் பழகுங்கள். பால் இல்லாமல் முடியாது என்றால் "தே சி கோசோங்", அதில் இனிக்காத பால்தான் விழும். "குராங் மானிஸ்", இனிப்பு குறைவாக, என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை, குறைப்பது ஆற்றுகிறவரின் கையைப் பொறுத்தது. முதல் இரண்டு வாரம் கஷாயம் மாதிரி இருக்கும். அப்புறம் நாக்கு பழகிவிடும், பழைய தேநீரைக் குடித்தால் திகட்டும். மைலோவும், கார்டியல் கரைத்த தண்ணீரும், "நேச்சுரல்" என்று எழுதிய பாக்கெட் ஜூஸும் இதே கணக்கில்தான் வரும்.

சனிக்கிழமை பியருக்கும் இதில் பங்கு உண்டு. மதுவுக்கு உடனே ஏறும் எண் டிரைகிளிசரைடு. எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த மூன்று மாதம் நிறுத்திப் பாருங்கள். இனிப்புப் பானம், மது, எடை மூன்றும் குறைந்தால் டிரைகிளிசரைடு மூன்றில் ஒரு பங்கு குறைவது சாதாரணம், சிலருக்குப் பாதியாகவும் ஆகும்.

சோற்றை விடச் சொல்ல மாட்டேன். சோற்றை அடியோடு விட்டவர்கள் பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் இரண்டு மடங்காகத் திரும்பி வருவார்கள். அளவைத்தான் மாற்ற வேண்டும். சுகாதார அமைச்சு அரசாங்கக் கிளினிக் சுவர்களில் ஒட்டியிருக்கும் தட்டுப் படம் நல்ல வழி: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, அரைப் பங்கு காய்கறியும் பழமும். நம் வீட்டுத் தட்டு இதற்கு நேர்மாறு. முக்கால் பங்கு சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் இரண்டு கரண்டி பொரியல். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டில் இதை மாற்றுவது எளிது, காய்கறியை இரண்டாம் முறை கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். சோற்றை இரண்டாம் முறை கொண்டு வரும்போது இலை மேல் கையை நீட்டிவிடுங்கள். புழுங்கல் அரிசி பச்சரிசியைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சர்க்கரையை ஏற்றும், ஆனால் அது புழுங்கல் என்பதற்காக அதிகம் போட்டுக்கொண்டால் லாபம் போச்சு.

நாசி கண்டாரைப் பற்றிப் பினாங்குக்காரியான நான் சொன்னால் ஊரில் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்கிறேன். அங்கே ஆபத்து கோழியில் இல்லை. ஐந்து சட்டிக் குழம்பையும் கலந்து சோறு மிதக்கும்படி ஊற்றுகிறார்களே, அந்த எண்ணெயிலும் உப்பிலும்தான். குழம்பைத் தனியாகக் கேளுங்கள். அரைச் சோறு, மீன் குழம்பு மீன் ஒன்று, வெண்டைக்காய், பாகற்காய் அல்லது கோஸ், ஓர் அவித்த முட்டை என்று வாங்கினால் அது மோசமான சாப்பாடே இல்லை. பொரித்ததை எல்லாம் கண்ணால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். மாமாக் கடையில் ராத்திரி சாப்பிட நேர்ந்தால் சப்பாத்தியும் தாலும். மாகி கோரெங் வேண்டாம். மாகி பாக்கெட் ஒன்றிலேயே ஒரு நாளுக்கான உப்பில் பாதி வரை போய்விடும், கடையில் அதன் மேல் சாஸ் வேறு ஊற்றுகிறார்கள்.

உப்பு என்றதும் ஊறுகாயும் கருவாடும்தான் நினைவுக்கு வரும். 2017-18-இல் நடந்த நாடு தழுவிய ஆய்வில் மலேசியர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 7.9 கிராம் உப்பு சாப்பிடுவது தெரிந்தது. அளவு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். சமையலில் போடும் உப்பைக் குறைத்துவிட்டு கிச்சாப், சோயா சாஸ், சம்பல், அப்பளம் என்று வெளியே இருந்து வருவதை மறந்தால் பயன் இல்லை. உங்கள் 138/88 இன்னும் மாத்திரைக் கோட்டைத் தாண்டவில்லை. உப்பும் எடையும் குறைந்து, வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் மேல் எண் ஐந்து முதல் எட்டு வரை இறங்குவது நடக்கக்கூடியதுதான். வீட்டிலேயே அளக்கும் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள், கிளினிக்கில் அளக்கும்போது பலருக்குப் பதற்றத்திலேயே ஏறும். வீட்டுக் கணக்கில் 135/85 தாண்டினால்தான் கவலை.

மைத்துனரின் தேங்காய் எண்ணெய். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, வேண்டாம். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் அறுபது சதவீதத்துக்கு மேல், பாமாயிலில் பாதி, கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, கனோலாவில் இன்னும் குறைவு. நிறைவுற்ற கொழுப்புதான் எல்டிஎல்லை ஏற்றுவது. தேங்காய் எண்ணெயை மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட பரிசோதனைகளை 2020-இல் தொகுத்துப் பார்த்தபோது, தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் ஏறியதுதான் தெரிந்தது. அது எச்டிஎல்லையும் ஏற்றுகிறது என்பதும் உண்மை, மைத்துனர் பார்த்த காணொளியில் அந்தப் பாதியை மட்டும் சொல்லியிருப்பார்கள். "தாத்தா தேங்காய்தானே சாப்பிட்டார்" என்பார். தாத்தா விடியுமுன் எழுந்து ரப்பர் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சுற்றி நடந்து வெட்டிவிட்டு, பால் வாளியைத் தோளில் சுமந்தார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் நெஞ்சுவலியில் போனாரா, வேறு எதில் போனார் என்று தோட்டத்தில் எழுதி வைத்தவரும் இல்லை.

வீட்டில் 2 ரிங்கிட் 50 சென் பாக்கெட் பாமாயில்தான் புழங்குகிறது என்றால் அதைக் கொட்டிவிட வேண்டியதில்லை, அளவைக் குறையுங்கள். கடலை எண்ணெயோ கனோலாவோ வாங்க முடிந்தால் தாளிப்பதற்கு அதை வையுங்கள். பொரித்த எண்ணெயை வடிகட்டி மறுபடி ஊற்றும் பழக்கத்தை நிறுத்துங்கள். தேங்காய்ப் பால் குழம்பை வாரத்துக்கு ஒரு நாளாக்கிவிட்டு மற்ற நாள் புளிக்குழம்பு, சாம்பார், ரசம். மீனில் விலை குறைந்ததே சிறந்தது: கெம்போங் என்கிற கானாங்கெளுத்தியிலும் மத்தியிலும் ஒமேகா-3 நிறைய. சால்மன் வாங்கக் கடன் பட வேண்டாம்.

எல்டிஎல்லை உணவால் எட்டிய மட்டும் இறக்கப் பார்ப்பதானால் மூன்று பொருள்களைத் தினமும் சேருங்கள்: காலையில் ஓட்ஸ், மதியம் பருப்போ கொண்டைக்கடலையோ ஒரு கிண்ணம், மாலையில் உப்பில்லாத கடலை ஒரு கைப்பிடி. ஓட்ஸிலும் பருப்பிலும் இருக்கும் கரையும் நார் குடலில் பித்தத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். புதிதாகப் பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லை எடுத்துக்கொள்ளும். ஓட்ஸ் என்றால் பாக்கெட்டில் இனிப்புக் கலந்து வருவது அல்ல. ஓட்ஸ் பிடிக்காதவர்கள் அதைத் தோசை மாவில் கலந்து ஊற்றுகிறார்கள், அதுவும் சரியே.

புரட்டாசிக்குச் சைவம் இருந்தால் கொழுப்பு இறங்கிவிடும் என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது சொல்வார்கள். பிறகு பார்த்தால் சைவ புஃபேயில் வடை, மாவில் செய்து பொரித்த சைவ ஆட்டிறைச்சி, பாயாசம் இரண்டு கிண்ணம். மாமிசம் இல்லாத தட்டு என்பதற்காக அது இதயத்துக்கு நல்ல தட்டாகிவிடாது. விரதம் உங்கள் பக்தி, அதில் நான் தலையிடவில்லை.

இனி பத்துமலை. படிகள் 272. மூச்சு வாங்க நின்று நின்று ஏறினாலும் பத்து நிமிடத்தில் மேலே இருப்பீர்கள். இறங்குவதையும் சேர்த்து இருபது நிமிடம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு 513 படி, அதையே எடுத்துக்கொண்டாலும் கணக்கு நிரம்பாது. ஏறுங்கள், முருகனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. ஆனால் அது வாரத்தின் முழுப் பயிற்சி ஆகாது. வாரத்தில் ஒன்றிரண்டு நாளிலேயே 150 நிமிடத்தையும் முடிக்கிறவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன் கிடைப்பதாகச் சமீபத்திய ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே நாள் கணக்கைவிட நிமிடக் கணக்கே முக்கியம். உங்களுக்குச் சர்க்கரை விளிம்பில் இருப்பதால் மட்டும் நான் பிரித்து நடக்கச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு நடையின் பலன் சர்க்கரை மீது ஒன்றிரண்டு நாளைக்குத்தான் நிற்கும்.

உட்கார்ந்த வேலைக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் காட்டியவர் ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். 1953-இல் வந்த அவருடைய ஆய்வில் லண்டன் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டார். ஒரே சம்பளத் தட்டு, ஒரே ஊர், ஒரே பஸ். டிரைவர் உட்கார்ந்தே இருக்கிறார், கண்டக்டர் நாளுக்கு அறுநூறு படி போல ஏறி இறங்குகிறார். கண்டக்டர்களுக்கு இதய நோய் ஏறக்குறைய பாதிதான். எனக்குப் பிடித்தது அவர் அதோடு நிற்காததுதான். பஸ் கம்பெனி கொடுத்த சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவையும் எடுத்துப் பார்த்தார். டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் பருமனாக இருந்திருக்கிறார்கள். முழுப் புண்ணியமும் படிக்கட்டுக்குப் போகாது என்று அவரே காட்டிவிட்டார். பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன, அசைகிறவர்களுக்கு ஆபத்து குறைவு என்பது மாறவில்லை.

இன்னொரு கணக்கும் பாருங்கள். உங்கள் எடையில் ஒருவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் 300, 350 கலோரி செலவாகும். ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300. ஆகவே சாப்பிட்டதை நடந்து கழித்துவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எடையைக் குறைப்பது பெரும்பாலும் தட்டு. நடை வேறு வேலை செய்கிறது: ரத்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது, அழுத்தத்தை இறக்குகிறது, தசைக்குள் சர்க்கரையை இழுக்கிறது. சுருங்கி விரியும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். ராத்திரி சாப்பிட்டு முடித்துப் பதினைந்து நிமிடம் வீட்டைச் சுற்றி நடப்பதற்கு அதனால்தான் தனி மதிப்பு.

செந்தூலிலிருந்து தீத்திவங்சா ஏரிப் பூங்கா பக்கம்தானே. வாரம் மூன்று நாள் அங்கே நாற்பது நிமிடம், மற்ற நாளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம், ஞாயிறு பத்துமலை. கணக்கு 150-ஐத் தாண்டிவிடும். வேகம் எவ்வளவு என்றால், கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மாலையில் மழை, மதியத்தில் வெயில் என்பது நம் ஊரின் நிரந்தரச் சாக்கு. விடியற்காலைதான் நல்லது, இல்லையென்றால் கடை வளாகத்துக்குள் நடங்கள், குளிர்சாதனத்தில் நடந்தாலும் நடைதான். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே போக வேண்டாம்.

தசைப் பயிற்சியை நம் ஆண்கள் இளைஞர்கள் விஷயம் என்று நினைக்கிறார்கள், பெண்கள் நினைப்பதே இல்லை. நாற்பதுக்கு மேல் ஒவ்வோர் ஆண்டும் தசை கரைகிறது, நம்மவர்களுக்கு ஆரம்பத்திலேயே அது குறைவு. ஜிம் தேவையில்லை. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காருங்கள், சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள், 5 கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து முதுகு வளையாமல் தூக்கி வையுங்கள். இதை மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு ராத்திரி நண்பர்களோடு பேட்மிண்டன், ஃபுட்சல் என்று முழு மூச்சில் இறங்கும் நாற்பது வயதுக்காரர்கள்தான் எனக்குப் பயம். பழக்கமில்லாத உடம்பில் திடீர் கடும் உழைப்பு, அந்த ஒரு மணி நேரத்துக்கு மாரடைப்பு ஆபத்தைப் பல மடங்கு ஏற்றும். தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்கு அந்த ஏற்றம் மிகக் குறைவு. நடை ஆரம்பிக்க உங்களுக்கு யார் அனுமதியும் வேண்டாம். ஓடவோ ஆடவோ நினைத்தால், அப்பாவின் வயதைச் சொல்லி டிரெட்மில் சோதனை தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள். படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் வந்து, நின்றால் போகிறது என்றால் அது வாயு அல்ல, அந்த வாரமே டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் ஈனோ கரைக்காமல் 999. பெண்களுக்குச் சில சமயம் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் அசதியும் மட்டும் வரும்.

கடைசியாக அந்தப் பிடிவாதக்காரன். மூன்று மாதம் கழித்து இடுப்பு குறைந்து, சர்க்கரை 5.5-க்கு வந்து, டிரைகிளிசரைடு 1.7-க்குள் இறங்கி, எல்டிஎல் மட்டும் 3.6-இல் நின்றால் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்போது டாக்டர் சொன்ன கொழுப்பு மாத்திரையை, அதாவது ஸ்டாட்டினை, வாங்கிக்கொள்ளுங்கள். 1,70,000 பேரை உள்ளடக்கிய பரிசோதனைகளின் தொகுப்பில், எல்டிஎல் 1 மில்லிமோல் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவது தெரிந்திருக்கிறது. பக்க விளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிலருக்குத் தசை வலி வரும், சர்க்கரை விளிம்பில் இருப்பவர்களுக்குச் சர்க்கரை சற்று ஏறலாம். மாத்திரை ஆரம்பித்த பிறகும் நடையை விடாதே என்பதற்கு அதுவே காரணம். மாத்திரைக்குப் பதிலாக நேரடி விற்பனைக்காரர்கள் கொண்டு வரும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையை வாங்க வேண்டாம். அதில் வேலை செய்யும் பொருள் லோவாஸ்டாட்டின் என்ற மருந்தேதான், எவ்வளவு இருக்கிறது என்பதுதான் தெரியாது, விலையும் பல மடங்கு.

அப்பா 52-இல் போனதால் டாக்டரிடம் லைப்போபுரோட்டீன்-ஏ சோதனை பற்றியும் கேளுங்கள். இது எல்டிஎல்லின் ஒரு உறவுக்காரன், ஏறக்குறைய முழுக்கப் பரம்பரை, நடையோ உணவோ அதைத் தொடாது. வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும். அதிகமாக இருந்தால் மற்ற எண்களை இன்னும் கறாராக வைத்துக்கொள்வார்கள். உங்களுக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் அவர்களும் சோதிக்க வேண்டும். 40 வயது தாண்டிய பி40 குடும்பத்தினருக்கு, அதாவது வருமானத்தில் கீழ்த்தட்டு 40 சதவீதத்தினருக்கு, பெக்கா பி40 திட்டத்தில் இலவசச் சோதனை உண்டு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சந்தாதாரர்களுக்கும் 40 வயதில் சோதனைத் திட்டம் இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான் கட்டணம். காசில்லை என்ற காரணம் இங்கே எடுபடாது, தம்பி.

மறு சோதனையைப் பன்னிரண்டாவது வாரத்தில் வையுங்கள். பத்து, பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, அதே லேப்பில் எடுங்கள். முந்தின மூன்று நாள் மது வேண்டாம், கல்யாண விருந்தும் வேண்டாம். தேதியைத் தீபாவளிக்கு மறு வாரம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.